குற்றம் சொல்லி விற்ற குதிரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் புறத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சாரலை ஒட்டிக் கார்சன் சிட்டி என்னும் நகரம் அமைந்துள்ளது. நெவாடா மாநிலத்தின் தலைநகர் இதுவே. தலைநகர் என்றதும் வானளாவும் மாளிகைகளையும் நெரிசல் மிகுந்த வீதிகளையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்துபோவர். மக்கள்தொகை அறுபதாயிரத்தைக்கூட எட்டவில்லை. மணற்கல்லால் எழுப்பிய பழைய சட்டமன்றக் கட்டடம், அதன் உச்சியில் வெள்ளி நிறக் குவிமாடம், 1870-இல் நாணயம் அடிக்கத் தொடங்கிப் பின்னர் அருங்காட்சியகமாக மாறிவிட்ட நாணயச் சாலை ஆகியவையே கண்ணில் படும் பெருமைகள். அந்தச் சட்டமன்றத்துக்குக் கல் கொடுத்தது சிறைச்சாலையின் கற்குழி என்பது ஒரு சுவையான செய்தி. சட்டம் இயற்றும் இடத்துக்கும் சட்டத்தை மீறியவர் வாழும் இடத்துக்கும் இவ்வூரில் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு!

நகரின் மேற்கே ஊசியிலைக் காடுகள் அடர்ந்த மலை. மலைக்கு அப்பால் தாகோ என்னும் நீலப் பேரேரி. பசிபிக் கடலிலிருந்து எழும் மேகங்கள் யாவும் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு இப்புறம் இறங்குகின்றன. கேரளத்தை நனைக்கும் ஆனி ஆடி மழை நம் பக்கம் வெறுங்காற்றாக வந்து வீசுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க மாநிலங்களிலேயே மழை மிகக் குறைந்தது நெவாடாதான். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சாம்பல் நிறப் புதர்கள். 'சேஜ்பிரஷ்' என்று அவற்றைச் சொல்கின்றனர். நம் பெண்கள் கூந்தலில் சூடும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடி அது. இலையைக் கசக்கி முகர்ந்தால் உறவு உடனே தெரிந்துவிடும்.

இந்தப் புதர்க்காட்டில் குதிரைகள் திரிகின்றன. யாருக்கும் உரிமையில்லாத, முதுகில் மனிதக் கை படாத குதிரைகள். இவற்றை 'மஸ்டாங்' என்பர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலேற்றிக் கொண்டுவந்த குதிரைகளின் வழித்தோன்றல்களோடு, பின்னாளில் குடியேறியவர்களும் படைவீரர்களும் விட்டுப்போன குதிரைகளும் கலந்து பெருகியவை. அந்நாட்டில் திரியும் காட்டுக் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவை நெவாடாவில்தான் உள்ளன.

ஒரு காலத்தில் இவற்றை விமானத்தாலும் லாரியாலும் விரட்டிப் பிடித்து, நாய்க்கும் பூனைக்கும் தீனியாக்க ஆலைகளுக்கு அனுப்பினர். 1950-ஆம் ஆண்டு ஒரு நாள், ரீனோ நகரில் அலுவலகச் செயலாளராகப் பணியாற்றிய வெல்மா ஜான்ஸ்டன் என்னும் பெண்மணி, வேலைக்குச் செல்லும் வழியில் முன்னே சென்ற வண்டியிலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டார். பின்தொடர்ந்து சென்று பார்த்தார். உள்ளே காயமுற்ற குதிரைகள் திணிக்கப்பட்டிருந்தன. இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலேயே உடல் கோணிய அந்த எளிய பெண், அன்று தொடங்கிய போராட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் விடவில்லை. எதிரிகள் ஏளனமாகச் சூட்டிய 'காட்டுக்குதிரை ஆனி' என்ற பெயரைத் தமக்கு விருதாக ஏற்றுக்கொண்டார். விமானத்தாலும் மோட்டார் வண்டியாலும் வேட்டையாடுவதைத் தடுக்கும் சட்டம் 1959-இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நாடெங்குமிருந்து கடிதம் எழுதிக் குவித்ததன் பயனாக, காட்டுக் குதிரைகளை முழுமையாகக் காக்கும் சட்டம் 1971-இல் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல் நிறைவேறியது.

காப்பாற்றியாயிற்று, பிறகு? குதிரைகள் பெருகின. நிலம் பெருகவில்லை. வறண்ட அந்நிலம் தாங்கக்கூடியவை ஏறத்தாழ 25,500 என்று கூட்டரசின் நில மேலாண்மைத் துறை கணித்திருக்க, 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் கழுதைகளையும் சேர்த்து 73,000-க்கு மேல் திரிந்தன. எனவே அத்துறையினர் மந்தைகளில் ஒரு பகுதியைப் பிடித்துப் பட்டிகளில் அடைத்துத் தீனி போடுகின்றனர். இந்தப் பராமரிப்புக்கு மட்டும் 2023-இல் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. விரும்புவோர்க்குக் குதிரைகளைக் கொடுக்கவும் செய்கின்றனர். பழக்காத குதிரையைப் பெறுவதற்குக் குறைந்த கட்டணம் 125 டாலர். அதற்கும் ஆள் போதவில்லை என்று, 2019 முதல் குதிரையை ஏற்றுக்கொள்பவருக்கு அரசே ஆயிரம் டாலர் தரலாயிற்று. பணத்தை வாங்கிக்கொண்டு குதிரையைக் கசாப்புக்குத் தள்ளியவர்களும் உண்டு என்ற புகார் எழுந்து, வழக்கு நடந்து, 2025-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று அத்திட்டத்தை நீக்கியது. பழக்காத குதிரையை வாங்கிக்கொள்ளக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். பழக்கிய குதிரையின் கதை வேறு.

கார்சன் சிட்டியின் தென்கிழக்கில் மாநிலச் சிறைச்சாலை ஒன்று இருக்கின்றது. சிறை நிர்வாகமும் நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டளவில் அங்கே ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. காட்டுக் குதிரையைக் கைதியிடம் ஒப்படைப்பர். ஏறத்தாழ நான்கு மாதத்தில் அவர் அதைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பழக்க வேண்டும். பின்னர் பொதுமக்கள் முன்னிலையில் ஏலம். இதைத் தழுவி 'த மஸ்டாங்' என்ற திரைப்படமும் 2019-இல் வெளிவந்தது.

2018-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாட்டுப் பங்கு ஒன்றில் இரண்டு மாதம் துணைப்பணி ஆற்றச் சென்றிருந்தபோது, இந்த ஏலத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். நாற்பது ஆண்டுகளாகக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். பேச்சுக் குறைவு, பேசினால் குதிரையைப் பற்றியே பேசுவார். வழியில், "ஃபாதர், நீலநிற டெனிம் உடுப்பு ஏதும் இல்லையே?" என்று இருமுறை கேட்டுக்கொண்டார். கைதிகளின் உடை அது, பார்வையாளர் அணியலாகாது. நீலக் கால்சட்டை இல்லாமல் குதிரைக்காரர் கூட்டத்தை இன்றுதான் பார்க்கப் போகிறீர்கள் என்று சிரித்தார். கைப்பேசியையும் வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே சென்றோம்.

ஏலத்தைப் பற்றிச் சொல்லுமுன் குதிரை வாணிகத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நரி பரியான கதையைத் தமிழர் நாம் அறிவோம். குதிரைச் சந்தைகளில் பரி நரியாவது அதைவிட அடிக்கடி நடப்பது. நொண்டும் குதிரைக்கு வலி மறைக்கும் மருந்தைக் கொடுத்து ஒரு பகல் ஓட வைப்பர். முரட்டுக் குதிரைக்கு மயக்க மருந்து. அதுவும் இல்லையேல், வாங்குபவர் வருமுன் இரண்டு மணிநேரம் ஓட்டிக் களைக்க வைத்து, 'இதோ, சேணத்தோடு தயாராக நிற்கிறது' என்பர். போய்ச் சேரும்போதே குதிரையின் முதுகு வியர்த்திருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது லாடக்காரப் பெரியவரின் முதல் பாடம். கிழக் குதிரையின் பல்லைச் செதுக்கி இளமை காட்டும் மோசடியும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பிஷப்பிங்'! நம் ஆயர்கள் யாரும் வருந்த வேண்டா. பிஷப் என்ற பெயருடைய ஒரு வியாபாரியால் வந்த சொல் என்பர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் நம் பழமொழியின் குதிரை வடிவத்தைப் புனித ஜெரோம் நான்காம் நூற்றாண்டிலேயே பழமொழியாக எடுத்தாண்டிருக்கிறார். விலைக்கு வாங்கும் குதிரையின் பல்லையோ அவரும் பார்க்கத்தான் சொல்லியிருப்பார்.

பந்தயக் குதிரையின் திறமை கடிகாரத்தில் தெரியும். மலைப்பாதையில் சவாரி செய்யும் குதிரையின் திறமை எதில் தெரியும்? எதுவும் நிகழாமையில் தெரியும். ஏறும்போது நகராமல் நிற்க வேண்டும். ஓடையைக் கண்டால் தயங்காமல் இறங்க வேண்டும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட வேண்டும். மரப்பாலத்தில் தன் குளம்பொலிக்குத் தானே மிரளக் கூடாது. புதரிலிருந்து மான் பாய்ந்தாலும் முதுகில் இருப்பவரைத் தள்ளிவிட்டு ஓடலாகாது. கூட்டத்தைவிட்டுத் தனியே செல்லவும், இரவெல்லாம் கட்டிய இடத்தில் பொறுமையாக நிற்கவும், வண்டியில் முரண்டு பிடிக்காமல் ஏறவும், லாடக்காரர் காலைத் தூக்கினால் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பி வந்து, 'இன்று சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்று சவாரிக்காரர் சொல்வாரானால் அதுவே சிறந்த குதிரை. இயல்பிலே அஞ்சி ஓடும் பிராணிக்கு இந்த அமைதியைக் கற்பிப்பது எளிதன்று. பழக்குபவர் கயிற்றையோ காலையோ அழுத்துவார். குதிரை சரியான திசையில் அணுவளவு அசைந்ததும் அழுத்தத்தை நீக்கிவிடுவார். அந்த நீக்கமே பரிசு. அடியினால் அன்று, விடுவிப்பினால் கற்பிக்கும் முறை இது. சரியான கணத்தில் விடத் தெரியாதவன் நூறு நாள் உழைத்தாலும் பயனில்லை என்றார் பெரியவர்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத சரக்கு. குதிரையின் நிறத்தையும் உயரத்தையும் எவரும் பார்க்கலாம். அதன் உள்ளத்தை விற்பவரே சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டு நொண்டலைக் கண்டுபிடிப்பார். இரத்தம் எடுத்து மருந்து கலந்திருப்பதை அறிவார். எதற்கு மிரளும் என்பதை அவரும் அறியார். நம்மூர்ச் சந்தையில் சுழி பார்த்தும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியும் எருது வாங்குபவர்கள், 'ஏரில் படுத்துவிடுமா?' என்று கேட்கும்போது விற்பவரின் முகத்தை உற்றுப் பார்ப்பார்களே, அதே சங்கடந்தான்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாளில், விற்பவர் பொருளின் குற்றத்தைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற வினாவைப் புனித தோமா அக்குவினாரின் இறையியல் தொகுப்பில் ஆராய்ந்தோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அப்பேரறிஞர் அங்கே எடுத்துக்காட்டுவதும் ஒரு குதிரையைத்தான். வேகமாக ஓடும் குதிரை என்று சொல்லி நொண்டிக் குதிரையை விற்பது அநீதி. இழப்போ ஆபத்தோ விளைக்கும் மறைந்த குற்றத்தைச் சொல்லியே தீர வேண்டும். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது போல வெளிப்படையாகத் தெரியும் குறையாயின், விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால் போதும். இதற்கும் மேலாக ஒரு நுட்பம் சொல்லுகிறார். குற்றத்தைப் பறையறைந்து ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் நல்ல குணங்களைக் காணுமுன்பே எல்லாரும் ஓடிவிடுவர். வாங்க வருபவரிடம் தனியே சொன்னால், அவர் நிறையையும் குறையையும் சேர்த்து எடைபோட்டுக் கொள்வார். பண்டைய ரோமையிலும் சந்தை அதிகாரிகள் கால்நடை விற்பவரைக் குற்றங்களைச் சொல்லக் கட்டாயப்படுத்தினர். மறைத்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வாங்குபவனே விழித்திரு என்ற ஆங்கிலேய வழக்கம் பிற்பாடு வந்தது.

அன்று காலை, ஏலம் தொடங்குமுன் கைதிகள் தத்தம் குதிரையோடு பட்டியின் வேலியருகே நின்றனர். வாங்க விரும்புவோர் நெருங்கிப் பேசலாம். ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் இடப்பக்கத்தில், கடுங்குளிரில் இட்ட முத்திரை வெண்மயிராகத் தெரிந்தது. பிறந்த ஆண்டையும் பதிவெண்ணையும் குறிக்கும் அடையாளங்கள் அவை. நாங்கள் நின்ற இடத்தில் ஆறு வயதுச் செந்நிறக் குதிரை, கறுத்த பிடரி, தோள்மேட்டில் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரம். அதைப் பழக்கியவருக்கு நாற்பது வயதிருக்கலாம். சிறைக்கு வருமுன் குதிரையைத் தொட்டதில்லையாம். என்ன குற்றத்துக்காக உள்ளே இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் குதிரையின் குற்றத்தையே கேட்டனர்.

அவர் ஒளிக்கவில்லை. "தண்ணீர், பாலம், வண்டி எதற்கும் பயமில்லை. ஆனால் முதுகில் உட்கார்ந்துகொண்டு மழைச்சட்டையை விரித்தால் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். நான் முக்கால் பங்கு சரிசெய்துவிட்டேன். முழுவதும் தீர நாள் போதவில்லை. கீழே இறங்கி நின்று போட்டுக்கொண்டு பிறகு ஏறுங்கள்" என்றார். வந்தவர் ஒவ்வொருவரிடமும் இதையே, ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார். கேட்டவருள் இளைஞர் இருவர் தலையசைத்துவிட்டு அடுத்த குதிரைக்குப் போனார்கள்.

சியரா மலையில் கோடைப் பிற்பகல்களில் திடீரென இடிமழை வருவதுண்டு. பாறை விளிம்பில் செல்லும் ஒற்றையடிப் பாதையில் மழைச்சட்டையை எடுத்து உதறும் கணத்தில் குதிரை பாய்ந்தால் உயிருக்கே கேடு. ஏல வளையத்தில் மழை பெய்யப் போவதில்லை. எவருக்கும் தெரிந்திராது. ஏன் சொன்னார்? ஏலப்பணம் அவர் பைக்குப் போவதில்லை, அதனால் சொல்லுகிறார் என்று எளிதாக முடிவுகட்டலாம். எனினும் தாம் பழக்கிய குதிரை உயர்ந்த விலைக்குப் போவது அங்கே கைதிகளுக்குப் பெரும் பெருமை; பெருமைக்காகப் பொய் சொல்பவர் பணத்துக்காகச் சொல்பவரைவிடக் குறைவல்லர்.

பெரியவரிடம் கேட்டேன். அவர் வேலியில் கைவைத்தபடி சொன்னார்: "பொய் சொல்லி விற்ற குதிரை ஓரிடத்தில் நிற்காது, ஃபாதர். முதல் வீட்டில் யாரையாவது தள்ளிவிடும். அவர்கள் அடுத்தவருக்கு விற்பார்கள், உண்மையைச் சொல்லாமல். ஒவ்வொரு விற்பனையிலும் விலை குறையும், பெயர் கெடும். கடைசியில் கசாப்பு லாரி. பொய் சொன்னது மனிதன், தண்டனை குதிரைக்கு." அமெரிக்காவில் குதிரை வெட்டும் ஆலைகள் 2007-இலேயே மூடப்பட்டுவிட்டன, அதன்பின் லாரிகள் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் சென்றன. முப்பது ஆண்டு வரை வாழக்கூடிய பிராணியை, விற்பவர் வாயிலிருந்து வராத ஒரு சொல் ஏழெட்டு ஆண்டில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெல்மா அம்மையார் பின்தொடர்ந்த அந்த வண்டி என் நினைவுக்கு வந்தது.

ஏலம் தொடங்கியது. ஏலம் கூறுபவர் மூச்சுவிடாமல் பாடுவது போல் எண்களை அடுக்க, கைதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தம் குதிரையில் ஏறி வளையத்துக்குள் வந்தனர். மரப்பலகையின்மேல் நடத்தினர், கட்டையைத் தாண்டினர், இறங்கி ஏறிக் காட்டினர். செந்நிறக் குதிரை எதிலும் பிசகவில்லை. காலையில் விலகிப்போன இளைஞர் இருவரும் கேட்கவில்லை. போட்டி குறைந்ததால் விலையும் பிற குதிரைகளைப்போல் ஏறவில்லை. நடுவயதைக் கடந்த ஒரு தம்பதியர்க்கு அது கிடைத்தது. சட்டப்படி இதற்குப் பெயர் விற்பனையன்று, தத்தெடுத்தல். ஓராண்டு நன்றாகப் பேணியதற்குத் தகுந்த ஒருவர் சான்று தந்த பின்னரே குதிரை முழுமையாக அவர்களுக்கு உரிமையாகும். ஏலத்தில் தத்தெடுப்பதை உலகில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

வாங்கிய அம்மையாரிடம், குற்றம் தெரிந்தும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "மற்றக் குதிரைகளின் குற்றம் எனக்குத் தெரியாது. இதனுடையது தெரியும்" என்றார். அவர் கணவரோ, "மழையா? நெவாடாவிலா?" என்று உரக்கச் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. வண்டிக்குப் போய் மடித்து வைத்திருந்த மஞ்சள் நிற மழைச்சட்டையோடு திரும்பி வந்து, கைதியிடம் கொடுத்து, எதுவரை பழக்கியிருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார்.

காவலர் தலையசைத்தார். கைதி தரையில் நின்றபடியே சட்டையைக் குதிரையின் மூக்கருகே கொண்டுசென்று முகரவிட்டார். பின் தோளில் மெல்லத் தடவினார். குதிரை உடல் விறைத்தது. விறைப்புத் தளர்ந்த மறுகணமே சட்டையை விலக்கினார். மீண்டும் சற்று விரித்தார், மீண்டும் விலக்கினார். பிறகு அம்மையாரின் கையில் கொடுத்து, "குதிரை அசையாமல் நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும், அம்மா. முன்னாலே எடுத்தால் பயந்தால் போதும் என்று கற்றுக்கொள்ளும்" என்றார். அம்மையாரின் முதல் இரண்டு முயற்சியிலும் குதிரை ஓரடி விலகியது. மூன்றாம் முறை, காதை மட்டும் திருப்பிற்று.